இரும்பு தொடாத பிரஷ்

முருகேஷுக்கு வெல்டிங்கில் தெரியாதது ஒன்றும் கிடையாது என்று முருகேஷே எல்லோரிடமும் சொல்வார். வேறு ஒருவர் சொல்லி, அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க வந்த கலைமதி கேட்டதில்லை. மொரப்பூரிலிருந்து அரூர் போகிற ரோட்டில் அவருடைய பட்டறை. வாசலில் 'முருகேஷ் இன்ஜினியரிங்' என்று ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் போர்டுக்குக் கீழே நடந்த இன்ஜினியரிங் என்பது கிரில் கேட்டும் மாட்டுக் கொட்டகை ஆங்கிளும் டிராக்டர் டிரெய்லருக்கு ஒட்டும்தான். ஒட்டு விட்டுப்போனால் அதன் மேலேயே இன்னொரு ஒட்டுப் போடுவார். கிரைண்டரால் இழைத்து, மேலே பச்சைப் பெயிண்டை அப்பிவிட்டால் எந்த மகராசனுக்குத் தெரியப்போகிறது? பெயிண்ட் அடிப்பதுதான் இவருடைய அசல் தொழில், வெல்டிங் பொழுதுபோக்கு என்று கலைமதி முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு அலுமினிய ஆசை வந்தது. ஒரு தனியார் பால் கம்பெனிக்கு, சித்தேரி மலை ஊர்களிலிருந்து வேனில் பால் இறக்க அலுமினியத் தொட்டிகள் வேண்டியிருந்தது. மொத்தம் நாற்பது. கனம் இருக்கக் கூடாது, ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. முதலில் ஒரு மாதிரித் தொட்டி செய்து காட்ட வேண்டும். "அதுக்கென்னங்க, ஜமாய்ச்சிரலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அலுமினியம் ஒட்டுகிற புது டிக் மெஷின் ஒன்றை இறக்கி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, முருகேஷ் வேலையை ஆரம்பித்தார். இரும்பு உருகுவதற்கு முன்னால் சிவக்கும். அலுமினியமும் சிவக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது சிவக்கிற ஜாதியில்லை. பளபளவென்று இருந்தது, இருந்தபடியே பொத்தென்று கீழே விழுந்தது. மூன்று நாளில் பட்டறையில் இருந்த தகடெல்லாம் சல்லடையாகிவிட்டது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒரு பெண் ஓசூர் பேக்டரியில் ஆறு வருஷமாக அலுமினிய வெல்டிங் மட்டுமே செய்கிறாள் என்று அவருக்குச் சொன்னது பட்டறையில் வேலை செய்யும் கோவிந்தன். முருகேஷ் மூன்று நாள் யோசித்தார். பெண். அதிலும் காலனி. நாலாம் நாள் பால் கம்பெனியிலிருந்து போன் வந்ததும் யோசனையை நிறுத்திக்கொண்டு, கோவிந்தனை அனுப்பி அவளைக் கூப்பிட்டார்.

"பதினஞ்சு நாளு எனக்குக் கத்துக்குடும்மா. மாதிரி பாஸாச்சுன்னா நாப்பது தொட்டியும் ஒங் கையிலதான். நீ இங்கயே நிரந்தரமா இருந்துக்க."

அந்த 'இங்கயே' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் கலைமதி பேக்டரியில் பதினைந்து நாள் லீவு சொல்லிவிட்டுச் சரி என்றாள். ஆறு வருஷமாகத் திங்கள்கிழமை விடிகாலை ரயிலேறி, ஓசூரில் விடுதியில் தங்கி, சனிக்கிழமை இரவு திரும்புகிறவள். புருஷன் சங்கர் இங்கே மினி வேன் ஓட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டான். போன தீபாவளிக்கு வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து, ஆறு வயதுப் பிள்ளை உள்பக்கம் திரும்பி, "ப்பா, ஓசூரம்மா வந்துட்டாங்க" என்றது. யாரோ சுகாதாரத்துறை ஆள் வந்திருக்கிற மாதிரி, மரியாதையாக. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. மொரப்பூரில் ஒரு வேலை கிடைத்தால் முருகேஷ் என்ன, முருகேஷைவிட மட்டமான ஒருவனுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கத் தயார் என்று அப்போதே தீர்மானித்திருந்தாள். அப்படி ஒருவன் இருப்பான் என்று இப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் டீ வந்தது. முருகேஷுக்கும் கோவிந்தனுக்கும் கண்ணாடி கிளாஸ். அவளுக்குப் பேப்பர் கப். அதற்கென்றே கடையில் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார்.

"கொரோனாவுக்கு அப்பறம் இதாம்மா சுத்தம்" என்றார்.

கோவிந்தனுக்கு மட்டும் கொரோனா வராது போலிருக்கிறது. இதைக்கூட நேராகச் சொல்ல வக்கில்லாமல் வியாதியின் மேல் பழி போடுகிற மனுஷன். கலைமதி டீயைக் குடித்து, கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு, பாடத்தை ஆரம்பித்தாள்.

பாடம் என்று சொன்னால் பாடத்துக்குத்தான் அவமானம். "இரும்புக்கு வெக்கற டிசியில இது ஒட்டாதுங்ணா, ஏசியில வெய்யுங்க" என்றாள். "கரண்டு எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். அவளே திருகி ஏசியில் வைத்தாள். "கேஸு சுத்தமான ஆர்கான் மட்டுந்தான்" என்றாள். "எங்கிட்ட கலப்பு சிலிண்டர் பாதி கெடக்குதே, அத முடிச்சிட்டு மாத்திக்கலாம்" என்றார். சட்டியில் மீந்த குழம்பைக் காலி பண்ணுகிற மாதிரி. "ஒட்டுக் கம்பி நுனிய உருகற எடத்துக்கு முன்னால தொட்டுத் தொட்டு எடுங்க. நெருப்பு வர்ற டங்ஸ்டன் ஊசி மட்டும் அதுல படவே கூடாது" என்றாள். படாமல் அவர் ஒரு வரியும் போட்டதில்லை. பட்டதும் ஊசி கருத்து, ஒட்டு கருத்து, மெஷின் சரியில்லை என்பார்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஏறாதது வேகம். அலுமினியம் சூட்டை வாங்கின வேகத்தில் தகடு முழுக்கக் கடத்திவிடும். ஆரம்பத்தில் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற கால் மிதியை அழுத்த வேண்டும், போகப் போகக் காலைத் தளர்த்த வேண்டும், கை மட்டும் வேகம் கூட வேண்டும். இரும்பில் இருபத்திரண்டு வருஷம் எருமை மேய்ப்பதுபோல நகர்ந்த கை அது. "நிதானம்தாம்மா முக்கியம்" என்று அவளுக்கே புத்தி சொல்லிக்கொண்டு, நிதானமாக ஓட்டை போட்டார். ஓட்டை விழும்போதெல்லாம் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரன் வேறு மாதிரி செய்கிறான் என்று போனை எடுத்துக் காட்டுவார். வெள்ளைக்காரன் அவள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருப்பான்.

பத்து நாளில் ஏதோ ஒரு மாதிரி வரி வந்தது. அழகென்று சொல்ல முடியாது, ஒட்டு என்று சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தலைகீழாக நின்றும் அவளால் ஜெயிக்க முடியவில்லை. அது பிரஷ்.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு தோல் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற உலோகம் உருகி ஓடினாலும் அந்தத் தோல் உருகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அசிட்டோனில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, அந்தத் தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்க்கிற பிரஷ் எவர்சில்வர் கம்பியாக இருக்க வேண்டும், இரும்பின் மேல் ஒரு தரம்கூடப் பட்டிருக்கக் கூடாது. பட்டால் இரும்புத் தூளை அது அலுமினியத்தில் கொண்டுபோய்ப் புதைக்கும். கலைமதி ஓசூரிலிருந்து ஒரு பிரஷ் கொண்டுவந்து, பிடியில் பச்சை டேப் சுற்றி, தனியாக மாட்டிவைத்தாள். காலையில் வந்து பார்த்தால் முருகேஷ் அதை எடுத்து ஒரு பழைய கேட்டில் துரு சுரண்டிக்கொண்டிருப்பார். இன்னொன்று வாங்கினாள். அதே கதை. மூன்றாவது பிரஷையும் துருவோடு அவர் கையில் பார்த்தபோது அவளுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"அண்ணா, ஒங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றன். இரும்பத் தொட்ட பிரஷ்ஷு தீட்டு. தீட்டுப் பட்டது அலுமினியத்துக்கிட்ட வரக்கூடாது."

முருகேஷ் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பத்து நாளாக எதுவும் நுழையாத மண்டையில் விளக்குப் போட்டது போல் முகம் தெளிந்தது.

"அட! இத மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதா? நீ பாட்டுக்கு ஆக்ஸைடு கீக்ஸைடுன்னா எனக்கு என்னா தெரியும்?"

அன்றைக்கே புது பிரஷ் ஒன்றை அவரே வாங்கிவந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். கோவிந்தன் அந்தப் பக்கம் போனால்கூட, "டேய், இரும்புக் கையோட போகாத, தீட்டு" என்று அதட்டினார். இந்த மனுஷனுக்கு அறிவியல் புரியாது, அழுக்குப் புரியாது, தீட்டு மட்டும் பால் குடிக்கும்போதே புரிந்திருக்கிறது என்று கலைமதிக்குச் சிரிப்புத் தாளவில்லை. சாயங்காலம் வீட்டில் அதை நடித்துக் காட்டினாள். சங்கர் சிரிக்கவில்லை.

"அந்தப் பேச்ச நம்ம வாயால எதுக்குச் சொன்ன?" என்றான்.

"வேல நடந்துச்சில்ல?"

அவன் பிள்ளைக்கு ஜடை பின்னப் போய்விட்டான்.

மாதிரித் தொட்டியை முதலாளி கையால்தான் ஒட்ட வேண்டும் என்று முருகேஷ் பிடிவாதமாக நின்றார். பேர் வர வேண்டுமல்லவா. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுக்கொடுத்தாள். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு தொட்டிக்கான தகடுகளை, ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று, அசிட்டோனில் துடைத்து, பிரஷ் போட்டு, கம்பிகளையும் துடைத்து, தனித்தனியாகச் சுத்தமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். காலையில் ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பதாகப் பேச்சு.

எட்டே முக்காலுக்கு அவள் வந்தபோது உள்ளே வேலை முடிந்திருந்தது. தொட்டி மேஜைமேல் நின்றது. ஒட்டு வரிகள் வெள்ளியாக இல்லை. சாம்பல் நிறத்தில், கரித்தூள் பூத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தன. நேற்று வரைக்கும் அவர் போட்ட மட்டமான வரிகூட இப்படி இருந்ததில்லை. மேஜைக்குக் கீழே ஒரு சொம்பு. அதில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கிடந்தன. தொட்டியின் நாலு மூலையிலும் குங்குமப் பொட்டு பாதி எரிந்து ஒட்டியிருந்தது.

"என்னாங்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நல்ல நேரம் ஏழரையோட முடிஞ்சிருதும்மா. அதான் விடியக் காலையிலயே நானே ஆரம்பிச்சிட்டன். எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சன்" என்றார் முருகேஷ், வாயெல்லாம் பல்லாக. "நேத்து சாயந்தரம் கடைசியா தகட்டயெல்லாம் நீ தொட்டுட்டுப் போனியா. அதனால மஞ்சத்தண்ணி தெளிச்சு, ஓரமெல்லாம் திருநீறு பூசி, தீட்டக் கழிச்சிட்டுத்தான் மெஷினப் போட்டன்."

அவர் குத்திக்காட்டவில்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  கலைமதிக்கு இந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட, அந்த வார்த்தையை இவர் வாயில் ஊட்டிவிட்ட தன்னை அறைய வேண்டும் போலிருந்தது.

பத்து மணிக்குப் பால் கம்பெனி ஆள் பூவரசன் வந்தான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் பட்டறைத் தூசியைப் பார்த்து முகம் சுளிக்கிற ஷூ, கையை விட்டு இறங்காத போன். தொட்டியை மூடி, அளவாகக் காற்றை ஏற்றி, ஒட்டு மேல் சோப்புத் தண்ணீரைத் தடவச் சொன்னான். கோவிந்தன் தடவினான். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் குமிழி வரும். இங்கே குமிழி வராத இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. நாலு பக்கமும் நுரை பொங்கி வழிந்தது.

"யாரு வெல்டர்?" என்றான் பூவரசன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முருகேஷுக்குக் கண் இமைகூட ஆடவில்லை. "இந்தப் பொண்ணுதாங்க. ஓசூர்ல வேலை செஞ்சன், எனக்குத் தெரியும்னு சொல்லுச்சு. நம்பிட்டன்."

மாதிரியை முதலாளி கையால்தான் ஒட்ட வேண்டும் என்று குதித்தவரின் கை இப்போது அவளை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. கலைமதி குனிந்து சொம்பை எடுத்து, பூவரசன் போனுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள்.

"வெல்டர் யாருன்னு இந்தச் சொம்பக் கேளுங்க. ஈரம் பட்டா அலுமினியம் உள்ள காத்து கோத்துக்கும்ங்க. ஒரு விரல் ரேகை இருந்தாலே ஒட்டு கெட்டுரும். இவுரு மஞ்சத்தண்ணியில குளிப்பாட்டி, திருநீறு பூசி ஒட்டியிருக்காரு. எதுக்குன்னு அவுரையே கேளுங்க."

பூவரசன் கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சொம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், லேசாகச் சிரித்தான், பிறகு வாட்ச்சைப் பார்த்தான்.

"எனக்குக் கதை வேணாம்ங்க. மூணு மணிக்குத் தீர்த்தமலைப் பக்கம் வேற ஒரு பட்டறையப் பாக்கப் போறன். அதுக்குள்ள இன்னொண்ணு ரெடியாச்சுன்னா பாக்கறன். இல்லாட்டி அவங்களுக்கே குடுத்துருவன்."

சிரிக்கத் தெரிந்தவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. முருகேஷ் ஒரு ரகம் என்றால் இவன் படித்த ரகம், அவ்வளவுதான் வித்தியாசம். கலைமதி இரண்டாவது கட்டுத் தகட்டை எடுத்தாள். நல்லவேளை, அதை இன்னும் யாரும் குளிப்பாட்டவில்லை.

"அண்ணா, நீங்க அந்த ஸ்டூல்ல போயி ஒக்காருங்க. இதுமேல ஒங்க வெரலு பட்டுச்சுன்னா நான் அப்பவே கெளம்பிருவன்."

முருகேஷ் உட்கார்ந்தார். பட்டறையில் யாரும் அவரை உட்கார் என்று சொல்லி அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதற்குப் பிறகு கலைமதி யாரையும் நினைக்கவில்லை. முகக் கவசத்தை இறக்கிக்கொண்டால் உலகம் விரல் நுனி அளவுக்கு ஆகிவிடும். தகடு முதலில் ஒன்றும் தெரியாதது போல் கிடக்கும். பிறகு அந்தச் சின்ன வட்டம் கண்ணாடி போல ஒளிர்ந்து இளகும். இளகின கணத்தில் கம்பியைத் தொட்டு எடுக்க வேண்டும், நகர வேண்டும், மறுபடி தொட வேண்டும். காலில் மிதி இறங்கி ஏறியது. கை முன்னே போய்க்கொண்டே இருந்தது. வரியின் முடிவுக்கு வந்ததும் சட்டென்று விடாமல், காலை மெல்ல மெல்லத் தளர்த்தி, கடைசியாக ஒரு தொட்டு வைத்துக் குழியை அடைத்தாள். அடுக்கி வைத்த காசு போல வரி பளபளத்தது. ஆறு வருஷம் பிள்ளையை விட்டுவிட்டு அவள் சம்பாதித்தது இந்தக் கைதான். அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை.

இரண்டரை மணிக்குக் காற்றை ஏற்றினார்கள். கோவிந்தன் சோப்புத் தண்ணீரைத் தடவினான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் ஒட்டு மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு குமிழி கிடையாது.

பூவரசன் முதல் தடவையாகப் போனைப் பையில் போட்டான். தொட்டியைச் சுற்றி வந்தான். விரலால் ஒட்டைத் தடவிப் பார்த்தான். ஆர்டர் பாரத்தை எடுத்து, "வெல்டர் பேரு?" என்றான்.

"முருகே..." என்று ஆரம்பித்தார் முருகேஷ்.

"கலைமதி" என்றாள் அவள். பூவரசன் கலைமதி என்றே எழுதினான். நாற்பது தொட்டியும் இவர் கைதான் ஒட்ட வேண்டும், ஆள் மாறினால் ஆர்டர் ரத்து என்று அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தான். கலைமதிக்கு நெஞ்சு நிறைந்தது. இனித் திங்கள்கிழமை ரயில் இல்லை. பிள்ளையை அவளே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம். ஓடிப்போய் இப்போதே அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இன்னொண்ணு" என்றான் பூவரசன், பட்டறையைச் சுற்றிப் பார்த்தபடி. "இரும்பு வேல நடக்கற எடத்துல அலுமினியம் பண்ணக் கூடாது. தூள் பறந்து ஒட்டிக்கும். எங்க கம்பெனி ரூல் அது. தனி எடம் இருக்குதா?"

சரியான கேள்வி. அவளே கேட்க வேண்டும் என்றிருந்த கேள்வி. ஓசூரிலும் அப்படித்தான் தனியாக வைத்திருந்தார்கள்.

ஸ்டூலில் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த முருகேஷ் துள்ளி எழுந்தார்.

"இருக்குதுங்க! பின்னாடி மாட்டுக் கொட்டா சும்மாத்தான் கெடக்குது. அதுக்குத் தனி வழியே இருக்குது, சந்துப் பக்கமா. இந்தப் பக்கம் வரவே வேண்டியதில்ல." அவர் முகம், அன்றைக்குப் பிரஷைப் பார்த்தபோது தெளிந்தது போலவே தெளிந்திருந்தது. "கலை மொதல்லயே சொல்லுச்சுங்க. இதுல ஒண்ணு ஒண்ணு மேல படக் கூடாது. டேய் கோவிந்தா, கேட்டுக்க. இங்கத்துப் பொருளு எதுவும் அங்க போகக் கூடாது. அங்கத்துது எதுவும் இங்க வரக் கூடாது. தண்ணிக் கொடம் மொதக்கொண்டு தனி."

"வெரி குட்" என்றான் பூவரசன். "இவ்ளோ கரெக்டா யாரும் புரிஞ்சிக்கிட்டதில்லைங்க." முருகேஷின் கையைக் குலுக்கினான். 'தனிக் கொட்டகை உண்டு' என்று பாரத்தில் எழுதினான்.

கலைமதி ஒரு தப்புத் தேடினாள். தொழில்படி அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு சொல்லை மாற்றச் சொல்ல வழியில்லை. பதினைந்து நாளில் அந்த மனுஷனுக்கு அவள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். முருகேஷ் அவளைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினார்.

"வெல்டர் ஒப்புதல், இங்க ஒரு கையெழுத்து" என்று பூவரசன் பாரத்தை நீட்டினான்.

வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. கலைமதி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.